ஓடு என்றால் ஓடாதவர்கள்

சாஃப்ட்பால் மைதானத்தில் ட்ரூடி இரண்டாம் தளத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது, கோச் ரோலண்ட் தீலன் அவளுக்குக் கொடுத்திருந்த சைகை ‘நில்’.

அதில் ஐயமே இல்லை. முதலில் இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தொட்டார். ‘இனி வருவதுதான் நிஜம்’ என்பதற்கு அது அடையாளம். அடுத்து முழங்கையைத் தொட்டார். முழங்கை என்றால் நில். மார்பைத் தொட்டால்தான் ஓடு. கடைசியில் காதைத் தொட்டிருந்தால் எல்லாமே ரத்து. காதுப் பக்கம் அவர் கை போகவே இல்லை.

ஆனாலும் பந்து அதை வீசும் பிட்சரின் கையை விட்ட அதே நொடியில், யாரும் அடிப்பதற்கு முன்பே, அடுத்த தளத்தைத் திருட ட்ரூடி முதல் தளத்தை உதைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த எதிரணிக் கேட்சர் லவோன் பந்தைப் பிடித்து, எழுந்து, எறிவதற்குள் தூசியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி, ஒரு காலைக் கொக்கி மாதிரி வளைத்து, தளத்தின் மூலையைத் தொட்டுவிட்டாள்.

“சேஃப்!” என்று அம்பயர் கிளாரன்ஸ், அவுட் இல்லை என்பதற்கு அடையாளமாக, இரண்டு கைகளையும் விரித்தார். செயின்ட் வால்பர்கா ஊரே எழுந்து கத்தியது.

ரோலண்ட் மட்டும் கத்தவில்லை. மூன்றாம் தளத்தின் ஓரத்தில், கோச் நிற்பதற்கென்று சுண்ணாம்பால் போட்ட கட்டத்துக்குள், முழங்கையில் வைத்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“மச்சான், முழங்கைல என்ன, சொறியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெர்ஜில். மனைவி மார்லிஸின் தம்பி. குழாய் ரிப்பேர்காரன்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், ரோலண்டுக்கு நேர் பின்னால், மடக்கு நாற்காலியில் மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன். அவளுடைய ஆரஞ்சுக் குடை பின் வரிசைக்காரர்களுக்கு எப்போதும் ஒரு தகராறு. அப்போதுதான் யாரோ கத்தி, அதை மூடி மடியில் வைத்திருந்தாள்.

“சும்மா இருடா. மூணாவது இன்னிங்ஸ்லயே அவர வம்புக்கு இழுக்காத” என்றாள் மார்லிஸ், சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டே குடையை மறுபடி விரித்து.

வம்பு வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது. மதுக்கடையில் அணியை நடத்தும் குழுவினர் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். இந்த ஞாயிறு எல்க் மேடோ அணியை வென்றால் மாநிலப் போட்டி. தோற்றால் திங்கட்கிழமை முதல் வால்பர்கா பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு வெர்ஜில்தான் கோச். ரோலண்ட் பியரை முடித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் சாப்பிடவில்லை.

அவருக்குக் கால்நடைத் தீவனக் கடை இருந்தது, சொந்த வீடு இருந்தது, முட்டியைத் தவிர உடம்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் கடையில் அவர் சொல்வதைக் கேட்டு யாரும் தீவனம் வாங்குவதில்லை. தங்களுக்குத் தெரிந்ததை வாங்கிப் போவார்கள். அந்தச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வந்து நின்றால்தான் ஊரே அவர் கையைப் பார்க்கும். அவர் கை அசைந்தால் ஒருத்தி ஓடுவாள், அசையாவிட்டால் நிற்பாள். அதைப் போய் ஒரு குழாய்க்காரனுக்கு விட்டுக்கொடுப்பதா?

அடுத்த பந்துக்கு ‘ஓடு’ என்று காட்டினார். கொக்கி, மார்பு. இதைவிடத் தெளிவாகச் சர்ச்சில் சிலுவைகூடப் போட முடியாது.

லவோன் சட்டென்று எழுந்து ஒரு எட்டு விலகி நின்றாள். பிட்சர் பந்தை மட்டைக்கு எட்டாத தூரத்தில் வீசினாள். ஓடி வருகிறவளை மடக்குவதற்கென்றே வீசும் பந்து அது. லவோன் அதைப் பிடித்த வேகத்தில் மூன்றாம் தளத்துக்கு எறியக் கையை ஓங்கினாள்.

ட்ரூடி இரண்டாம் தளத்தின்மேல் நின்றபடி நகத்தில் மண் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் ஓடல அவ?” என்று லவோன் ரோலண்டைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள்.

“அதத்தான் நானும் கேக்கறேன்!” என்றார் ரோலண்ட்.

வீணாகப்போன பந்துக்குப் பிறகு மட்டை பிடித்தவள் அடிக்க, ட்ரூடி சுற்றி ஓடி, ரன் கணக்காகும் வீட்டுத் தளம் வந்து சேர்ந்தாள். வால்பர்கா மூன்று, எல்க் மேடோ ஒன்று.

பெஞ்சில் அவளைப் பிடித்துக்கொண்டார் ரோலண்ட்.

“நில்லுன்னா ஓடற. ஓடுன்னா நிக்கற. என்னம்மா இது?”

“தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன், கோச்.”

“ரெண்டு தடவையுமா?”

“வெயில் கண்ணக் கூசுச்சு.”

“என்னப் பாக்கறியா இல்லியா?”

“உங்க பக்கந்தான் கோச் பாத்துக்கிட்டே இருக்கேன்!” என்றாள் ட்ரூடி. பல் டாக்டரிடம் உதவியாளாக வேலை. பொய் சொன்னால் முகம் சிவந்துவிடும். இப்போது சிவக்கவில்லை. பெஞ்சிலிருந்த மற்றவர்கள் குனிந்து ஷூ லேஸைச் சரிபார்த்தார்கள்.

ரோலண்ட் எதையும் வரிசைப்படி யோசிப்பவர். குறை இரண்டு. ஒன்று, தன் பெண்களுக்குத் தன் சைகை புரியவில்லை. இரண்டு, எதிரிக்கு நன்றாகப் புரிகிறது. முதல் குறையை முதலில் தீர்த்துவிட முடிவு செய்தார்.

“கேளுங்க எல்லாரும். கொக்கி, காது, முழங்கை எல்லாம் போச்சு. வலது கைய மேல தூக்கினா ஓடு. இடது கையத் தூக்கினா நில்லு. கன்னுக்குட்டிக்குக்கூடப் புரியும்.”

“சரி, கோச்” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அந்த ஒற்றுமை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான்காம் இன்னிங்ஸில் ஐரின் முதல் தளத்தில் நின்றாள். ஜூன் மாதம்தான் அணியில் சேர்ந்தவள். பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ‘ம்’ தவிர எதுவும் வந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். ரோலண்ட் நம்பிக்கையோடு வலது கையைத் தூக்கினார்.

ஐரின் அசையவில்லை.

ரோலண்ட் கையை இன்னும் உயர்த்தினார். நுனிக்காலில் நின்றார்.

“மச்சான், நாலு ரோட்டு மொனைல போலீஸ் வேல காலியாம்! அப்படியே போய் நின்னுடு!” என்றான் வெர்ஜில். எல்க் மேடோ பெஞ்சுகூடச் சிரித்தது.

அவமானத்தில் வலது கையை இறக்கி இடது கையைத் தூக்கினார். நில்லு. யாரும் எங்கும் போக வேண்டாம். அந்த நேரம் சூரியன் மேகத்துக்குள் போனது. வேலிக்கு அப்பால் ஆரஞ்சுக் குடை மூடியது. லவோன் இடது கையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் குதிகாலில் உட்கார்ந்தாள். பந்து வந்தது. ஐரின் ஓடினாள்! லவோன் பதறி எழுந்து, முகமூடி வழுக்கி மூக்கில் இறங்க, குத்துமதிப்பாக எறிந்த பந்து நடுமைதானத்துக்குப் போயிற்று.

அடுத்து மட்டை பிடித்த டெல்ஃபின் பந்தை ஓங்கி அடித்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்; வேகம் அவள் தொழிலுக்கே ஆகாத விஷயம். அவள் முதல் தளத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் ஐரின் வீட்டுத் தளத்தைத் தொட்டுவிட்டாள். நான்குக்கு ஒன்று.

ஊர் ஆர்ப்பரித்தது. தன் அணி முன்னேறிக்கொண்டே போகிறதே என்ற கவலையில் ரோலண்டுக்கு வியர்த்தது. தன் சொல்லை மீறி மீறியே ஜெயிக்கிற அணியை வைத்துக்கொண்டு கோச் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? வெர்ஜில் திங்கட்கிழமை இதைத்தானே சொல்வான்?

வெர்ஜில்! இரண்டாவது குறைக்கு விடை அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எதிரிக்குச் சைகையைச் சொல்லித் தருவது வேறு யாராக இருக்க முடியும்?

வேலியோரம் போனார்.

“மார்லிஸ், மைதானத்து ஓரம் சாசேஜ் சுடற கடைல ஆளே இல்ல. நீ இவனக் கூட்டிட்டுப் போய் அடுப்பப் பாத்துக்க.”

“இப்பவா? ஆட்டம் நடக்கறப்பவா?”

“இப்பவே.”

“ரோலண்ட், நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?”

“நான் எப்பவும் யோசிச்சுத்தான் சொல்வேன்.”

மார்லிஸ் அவரைத் தாண்டிப் பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சாசேஜ் என்றால் இவர்களுக்கு இவ்வளவு ஆசையா என்று ரோலண்ட் நினைத்துக்கொண்டார்.

“சரி. உன் அணி, உன் பாடு” என்றாள் அவள். வெயில் திரும்பியதற்காகத் திறந்திருந்த குடையை மடக்கினாள், நாற்காலியைத் தோளில் மாட்டினாள், தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த பந்தில் டெல்ஃபின் ஓடினாள்.

வால்பர்கா வரலாற்றில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. டெல்ஃபின் திருடக் கிளம்பினாள்! லவோனே முதலில் நம்பவில்லை. பந்தை ஒருமுறை கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தாள். பந்து இரண்டாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டெல்ஃபின் பாதி வழிகூட வரவில்லை. நேரம் இருக்கிறதே என்று எதிரணிப் பெண் பந்தோடு நடந்து வந்து அவள் தோளைத் தட்டினாள். அவுட்.

“டெல்ஃபின்! உன்ன யாரும்மா ஓடச் சொன்னது?”

டெல்ஃபின் சாசேஜ் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “எனக்கே தெரியல, கோச்.”

அதற்குப் பிறகுதான் ரோலண்ட் ஆசைப்பட்டது நடந்தது. பெண்கள் அவர் சொன்னபடி கேட்கத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் இன்னிங்ஸில் எல்க் மேடோ இரண்டு ரன் எடுத்து நெருங்கியது. ட்ரூடி முதல் தளத்துக்கு வந்தாள். வேலிப் பக்கம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெருமூச்சு விட்டு ரோலண்டைப் பார்த்தாள். வலது கை உயர்ந்தது. ஓடினாள். லவோன் விலகி நின்று காத்திருந்தாள். பந்து ட்ரூடிக்கு முன்பே போய் அவளை வரவேற்றது. அவுட்.

அடுத்து முதல் தளத்துக்கு வந்தவள் கான்னி. ஓட்டம் தாமதமாகத் தொடங்குவதுதான் சிக்கல் என்று ரோலண்ட் கண்டுபிடித்தார். இளவயதில் பேஸ்பால் ஆடியவர்; அங்கே எல்லோரும் தளத்தை விட்டு நாலடி தள்ளி நின்றுதான் திருடுவார்கள்.

“கான்னி! முன்னால வா! இன்னும் முன்னால! அப்படியே நில்லு!”

பிட்சர் கையைச் சுழற்றத் தொடங்கினாள். கிளாரன்ஸ் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.

“கான்னி அவுட்.”

“என்னய்யா அவுட்? பந்தே இன்னும் வரலியே!”

“வரலதான். பந்து பிட்சர் கைய விடறதுக்குள்ள தளத்தவிட்டுக் கால எடுத்தா அவுட். இது பேஸ்பால் இல்ல ரோலண்ட், சாஃப்ட்பால். வருஷா வருஷம் உனக்குச் சொல்லிட்டிருக்கேன்.”

“மத்த வருஷமெல்லாம் சரி! இந்த வருஷம் ஒரு தடவகூட நடக்கலியே!”

“ஆமா” என்று கிளாரன்ஸ் தாடையைச் சொறிந்தார். “அதான் எனக்கும் புரியல.”

ஆறாம் இன்னிங்ஸில் எல்க் மேடோ சமன் செய்துவிட்டது. நான்குக்கு நான்கு. சாசேஜ் கடையிலிருந்து வெர்ஜிலின் விசில் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை கண்ணுக்கெதிரே வந்து நின்றது. தன் கட்டத்துக்குள் அவன் நிற்பான். தன் தொப்பியைக்கூடக் கேட்பான்.

கைகளை எதிரி படித்துவிட்டான். இனி வாய்தான். பெஞ்சில் இருந்தவர்களைச் சுற்றி நிறுத்திக் காதோடு சொன்னார்:

“சோளம்னா ஓடு. வைக்கோல்னா நில்லு. பிண்ணாக்குன்னா சும்மா, எதிரியக் குழப்பறதுக்கு.”

“சரி, கோச்” என்றார்கள். இந்த முறை ஒற்றுமையில் கொஞ்சம் சோர்வு இருந்தது.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். அணியில் இருந்த ஹெல்லர் சகோதரிகளில் மூத்தவள் அப்போது பெஞ்சில் இல்லை. இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தாள். இளையவள் பாடத்தைக் கேட்டுவிட்டுப் போய் மட்டை பிடித்து முதல் தளத்துக்கு வந்தாள்.

“பிண்ணாக்கு!” என்று ரோலண்ட் முழங்கினார்.

“நாளைக்குக் கடை தொறந்திருக்குமா?” என்று மேல் வரிசையிலிருந்து ஒரு விவசாயி கேட்டார்.

“பிண்ணாக்கு! பிண்ணாக்கு! சோளம்!”

இளையவள் சிட்டாகப் பறந்தாள். மூத்தவள் தன் கோச்சுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டாம் தளத்தில் சகோதரிகள் மோதிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

“நீ போடி!”

“எங்க போறது? நீ ஏன்டி வந்த?”

“சோளம்னாரே!”

“சோளம்னா உனக்கென்ன?”

முதலில் நின்றவளுக்குத்தான் தளம் சொந்தம். லவோன் எறிந்த பந்தால் இளையவளின் முதுகில் மெதுவாகத் தட்டினார்கள். அவுட். பெஞ்சுக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசி இன்னிங்ஸ். எல்க் மேடோவை ரன் எடுக்கவிடாமல் தடுத்தாகிவிட்டது. இப்போது வால்பர்கா மட்டை பிடித்தது. ஒரு ரன் போதும். ஆனால் ஐரினோடு சேர்த்து இரண்டு பேர் அவுட். மூன்றாம் தளத்தில், ரோலண்டின் கைக்கெட்டும் தூரத்தில், டெல்ஃபின் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முதல் தளத்தில் ட்ரூடி. மட்டையோடு கான்னி.

சாசேஜ் கடையிலிருந்து கரும்புகை எழும்பியது. “மார்லிஸ்! எங்க போற? இது தீப்பிடிச்சுக்கிச்சு!” என்று வெர்ஜில் அலறினான்.

“தண்ணி ஊத்து! குழாய்க்காரன்தானே நீ!”

ரோலண்ட் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் உயிர் முழுவதும் டெல்ஃபினின் காலணியில் இருந்தது. பின்னால் நாற்காலி விரியும் சத்தம் கேட்டது. குடை விரியும் சத்தமும் கேட்டது. பெஞ்சிலிருந்து ஏனோ ஒரு கைதட்டல்.

டெல்ஃபினின் காதருகே சொன்னார்: “நகராத. கான்னி அடிப்பா. நீ செல மாதிரி நில்லு.”

“சரி, கோச்.”

எதற்கும் இருக்கட்டும் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: “வைக்கோல்! வைக்கோல்!” இடது கையையும் தூக்கினார். முழங்கையையும் தொட்டார். எந்த முறைப்படி பார்த்தாலும் நில், நில், நில்.

லவோன் சிரித்துக்கொண்டே குந்தினாள்.

“குடைய மூடும்மா! கடைசி நேரத்துல மறைக்கறியே!” என்று பின் வரிசை கத்தியது.

“மூடிட்டேன், மூடிட்டேன்” என்றாள் மார்லிஸ்.

பிட்சரின் கை ஒரு முழு வட்டம் சுற்றியது. பந்து விடுபட்டது. ட்ரூடி கிளம்பினாள்!

கான்னி வேண்டுமென்றே காற்றில் மட்டையைச் சுழற்றினாள். லவோன் பந்தைப் பிடித்துத் துள்ளி எழுந்தாள். ட்ரூடியைப் பார்த்தாள். அவளை விடக் கூடாது. முழு பலத்தோடு இரண்டாம் தளத்துக்கு எறிந்தாள். பந்து பிட்சரின் தலைக்கு மேல் போன அந்தக் கணத்தில், சிலை மாதிரி நின்ற டெல்ஃபின் வீட்டை நோக்கி ஓடத் தொடங்கினாள்.

“ஐயோ, டெல்ஃபின்! வைக்கோல்! வைக்கோல்!” என்று ரோலண்ட் தலையில் கைவைத்தார்.

ட்ரூடி பாதி வழியில் நின்றுவிட்டாள். நின்று, பந்தைப் பிடித்தவளைப் பார்த்து நாக்கை நீட்டினாள். அவள் ட்ரூடியைத் துரத்துவதா வீட்டுக்கு எறிவதா என்று ஒரு நொடி தவித்தாள். அந்த ஒரு நொடி டெல்ஃபினுக்குப் போதாது. இரண்டு நொடி வேண்டும். ட்ரூடி ஒரு எட்டு பின்னால் வைத்து இன்னொரு நொடியையும் வாங்கிக் கொடுத்தாள். ஊர் முழுவதும் நின்றுகொண்டு கத்தியது. டெல்ஃபின் வந்தாள், மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பேருந்துபோல. பந்து வந்தது. லவோன் கையுறையை நீட்டினாள். டெல்ஃபின் சறுக்கினாள் என்று சொல்ல முடியாது, விழுந்தாள். விழுந்த இடத்தில் வீட்டுத் தளம் இருந்தது.

தூசி. தூசிக்குள் கிளாரன்ஸ் குனிந்தார். நிமிர்ந்தார். கைகளை விரித்தார்.

“சேஃப்!”

பிறகு நடந்தது வரிசையாகச் சொல்வதற்கில்லை. டெல்ஃபினைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அவள்மேலேயே எல்லோரும் விழுந்தார்கள். சர்ச் மணியை யாரோ அடித்தார்கள். வெர்ஜில் முகமெல்லாம் கரியோடு வந்து, கருகிய சாசேஜ் ஒன்றை ரொட்டியில் வைத்து நீட்டினான்.

“ஒத்துக்கறேன் மச்சான். இந்த வயசுல டெல்ஃபின வச்சு வீட்டுத் தளத்தத் திருட உன்னாலதான் முடியும்.”

ரோலண்ட் அதை வாங்கிக் கடித்தார். கரி இனித்தது.

லவோன் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகுலுக்க வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

“ரோலண்ட், உன் சைக ஒண்ணொண்ணும் எனக்கு மனப்பாடம். பத்து வருஷமா நீ அத மாத்தவே இல்ல. இன்னிக்கு மாத்தினதயும் ரெண்டு பந்துல கண்டுபிடிச்சேன். நீ ஓடுன்னா நிக்கறாங்க, நில்லுன்னா ஓடறாங்க. நடுவுல கொஞ்ச நேரம் சொன்னபடியே செஞ்சாங்க. அப்புறம் மறுபடி மாறிட்டாங்க. எப்படிய்யா பழக்கின?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ரோலண்டுக்கே எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. நடந்ததெல்லாம் தன் தந்திரம்தான் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

“அது ஒரு முறை” என்றார் அடக்கமாக. “வெளில சொல்றதில்ல.”

அணியை அழைத்தார். எல்லோரும் பியரும் லெமனேடும் ஏந்திச் சுற்றி நின்றார்கள். மார்லிஸும் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“மாநிலப் போட்டிக்கு ஒரு முக்கியமான விஷயம்” என்றார் ரோலண்ட். “இன்னிக்கு நடந்த தப்பெல்லாம் என் பின்னால நடந்த பேச்சு, கூச்சல், இதனாலதான். அதனால அங்க என் முதுகுக்குப் பின்னால ஒருத்தரும் உக்காரக் கூடாது. வெர்ஜில் வேண்டாம். மார்லிஸ், நீயும் வராத. கடையப் பாத்துக்க.”

ட்ரூடிக்குப் பியர் புரையேறியது. கான்னி வானத்தைப் பார்த்தாள். ஹெல்லர் சகோதரிகள் அன்று முதல்முறையாகச் சண்டையை மறந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மார்லிஸ் ஒரு சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதத்திலிருந்து ‘ம்’ தவிர எதுவும் பேசாத ஐரின்தான் பயந்துபோய் வாயைத் திறந்தாள்.

“அவங்க குட வரலன்னா, நாங்க எதப் பாத்து ஓடறது, கோச்?”